பன்சலை: பொருளும் தமிழ்ச் சொல்லும்

இலங்கையில் சிங்கள ஊர் ஒன்றில் வழி கேட்டால், 'பன்சலைக்குப் பக்கத்தால திரும்புங்க' என்பார்கள். சிங்களத்தில் பன்சல, தமிழர் வாயில் பன்சலை. ஊரில் உள்ள பௌத்தக் கோயிலைத்தான் அப்படிச் சொல்கிறோம்.

மூலம் பாளிச் சொல்லான பண்ணசாலா. பண்ண என்றால் இலை, சாலா என்றால் மனை. வனவாசத்தில் இலக்குவன் கட்டினானே பர்ணசாலை, அதே சொல்தான். துறவி ஒதுங்கிய இலைக்குடில் என்பதுதான் முதற்பொருள். இன்று அந்த வளவுக்குள் புனிதச் சின்னங்களை வைத்துக் கட்டிய தாதுகோபம், சிலை மனை, வெள்ளரசு மரம், பிக்குமார் தங்கும் ஆவாசம் எல்லாம் வந்துவிட்டன. பெயர் மட்டும் இன்னும் குடிலாகவே இருக்கிறது.

பெயர்ப்பலகையில் விகாரை என்றிருக்கும். அதுவும் பாளிதான், தங்குமிடம் என்று பொருள். பீகார் மாநிலத்தின் பெயரும் அதிலிருந்து வந்ததே. தமிழில் விகாரம் என்றால் அவலட்சணம் என்றும் பொருள்படுவதால், விகாரை என்று ஐகாரத்தில் முடிப்பது நல்லதாகப் போயிற்று.

சரி, அங்கே என்ன நடக்கிறது? பௌர்ணமி தினமான போயா நாள் காலையில் பாருங்கள். வெள்ளை உடுத்தி, வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, தட்டில் தாமரையோடு வரிசையாக வருவார்கள். பூவுக்கு நீர் தெளித்து வைத்துவிட்டு, சின்னக் குடத்தில் தண்ணீர் எடுத்துப் போய் வெள்ளரசின் அடியில் ஊற்றுவார்கள். பிக்குமாருக்குத் தானம் கொடுப்பதை வீடுகள் முறைபோட்டு ஏற்றுக்கொள்ளும். ஞாயிறன்று பிள்ளைகளுக்கு அறநெறிப் பாடசாலை. வெள்ளைக்காரன் பள்ளிக்கூடம் வருமுன்னர் எழுத்துப் படித்ததும் பன்சலையில்தான்.

சாவு வீட்டில் அதன் இடம் இன்னும் ஆழமானது. பிக்குவிடம் வெள்ளைத் துணியைக் கொடுத்தபின், வீட்டார் சேர்ந்து ஒரு செம்பைப் பிடித்துக் கோப்பையில் நீர் வார்ப்பார்கள். பிக்கு பாளியில் ஓத ஓத, கோப்பை நிறைந்து தட்டில் வழியும். இறந்தவருக்குப் புண்ணியம் சேரட்டும் என்று வார்க்கும் நீர் அது. அந்த வேளையில் வீட்டில் ஒரு சத்தம் இருக்காது.

இதற்குத் தமிழில் என்ன சொல்வது? பலர் புத்த கோயில் என்கிறோம். பேச்சுக்குச் சரி, ஆனால் துறவிகள் வாழும் இடம் என்பது அதில் வரவில்லை. நம்மிடம் பொருத்தமான சொல் இருந்தது: பள்ளி. பள்ளிகொள்ளுதல், பள்ளியறை என்பவற்றில் உள்ள பள்ளிதான். படுக்குமிடம், பிறகு துறவிகள் தங்குமிடம், அப்புறம் அவர்களிடம் படிக்குமிடம். பன்சலை நடந்த பாதையில்தான் இந்தச் சொல்லும் நடந்திருக்கிறது.

சங்க நூலான மதுரைக்காஞ்சியில் பெண்கள் பிள்ளைகளை அணைத்துக்கொண்டு பூவும் புகையுமாக வந்து தொழும் 'கடவுட் பள்ளி' வருகிறது. பௌத்தப் பள்ளி என்றே உரைகாரர் கொள்கிறார். அந்த வரிகளைப் படிக்கும்போதெல்லாம் எனக்குப் போயா நாள் கூட்டம்தான் கண்ணில் வரும். கடல் கடந்த கடாரத்து (இன்றைய மலேசியாவின் கெடா) அரசன் நாகப்பட்டினத்தில் எடுத்த விகாரத்துக்கு முதலாம் இராசராசன் ஆனைமங்கலம் ஊரைக் கொடுத்தான். அந்தக் கொடையைச் சொல்லும் செப்பேட்டில் விகாரத்துப் பள்ளி என்று இரண்டு சொல்லும் சேர்ந்தே நிற்கின்றன. அப்படிக் கொடுக்கும் நிலத்துக்குப் பள்ளிச்சந்தம் என்று பெயர்.

இன்று பள்ளி என்றால் பள்ளிக்கூடம் என்றே எடுத்துக்கொள்வார்கள் என்பது உண்மை. அதனால் பேச்சிலும் செய்தியிலும் பன்சலை, விகாரை இருக்கட்டும். வரலாறு எழுதும்போதாவது பௌத்தப் பள்ளி, பெரியதானால் பெரும்பள்ளி என்று எழுதலாம். நான் புதிதாகச் செய்த சொல் இல்லை. திருகோணமலைக்குப் பக்கத்தில் உள்ள வெல்கம் விகாரைக்குச் சோழர் காலத் தமிழர் இட்ட பெயர் இராசராசப் பெரும்பள்ளி. அங்கே நந்தா விளக்கு, அதாவது அணையா விளக்கு, எரியப் பசுக்கள் கொடுத்த செய்தி, தமிழில், கல்லில் இன்னும் இருக்கிறது.