காப்புக்காட்டை நீக்கும் அறிவிப்பு வந்தால் முப்பது நாளில் என்ன செய்வது?

2020-ஆம் ஆண்டு பிப்ரவரியில், கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் மகன் வீட்டில் தங்கியிருந்த ஓர் அம்மா, திருப்பி அனுப்பப்பட்ட கடிதம் ஒன்றோடு என்னிடம் வந்தார். சிலாங்கூர் மாநிலத்தின் கோல லங்காட்டில் முப்பத்தைந்து ஆண்டுகள் ரப்பர் மரங்களில் பால் வெட்டியவர் அவர். 957 ஹெக்டர் கொண்ட கோல லங்காட் வடக்குக் காப்புக்காட்டில் ஏறக்குறைய 97 விழுக்காட்டைக் காப்புக்காடு என்ற நிலையிலிருந்து நீக்கப் போவதாகவும், ஆட்சேபம் இருந்தால் முப்பது நாளுக்குள் எழுதலாம் என்றும் அறிவிப்பு வந்ததும், அந்தக் காடு எரிந்த நாள்களில் கதவை அடைத்துக்கொண்டு பேரப்பிள்ளைகளோடு இருமிக் கிடந்ததைப் பக்கம் நிறைய எழுதியிருந்தார். வன இலாகா அலுவலக முகப்பில் இருந்தவர் கடிதத்தைப் படிக்கவில்லை. மைகார்டில் (அடையாள அட்டையில்) கோலாலம்பூர் முகவரி இருந்ததால், "நீங்கள் அந்த வட்டாரத்தவர் இல்லை" என்று சொல்லிவிட்டார்.

சட்டம் சுருக்கமாக இதுதான். 1984-ஆம் ஆண்டு தேசிய வனச் சட்டத்தின் 11-ஆம் பிரிவின்படி, ஒரு காப்புக்காடு அதன் நோக்கத்துக்கு இனித் தேவையில்லை என்றும், அதைவிடக் கூடுதல் பொருளாதாரப் பயனுக்குத் தேவைப்படுகிறது என்றும் மாநில அரசு கருதினால் அதை நீக்கலாம். சிலாங்கூரில் 2011-இல் செய்த திருத்தத்தின்படி, நீக்குவதற்கு முன் அறிவிப்பு வெளியிட்டுப் பொதுமக்களின் கருத்தைக் கேட்க வேண்டும். 2022-இல் நாடாளுமன்றமும் பொது விசாரணையைச் சட்டத்தில் சேர்த்தது. ஆனால் காடு மாநில அதிகாரத்துக்கு உட்பட்டதால், அந்தந்த மாநிலம் ஏற்றுக்கொண்டால்தான் அது அங்கே செல்லுபடியாகும். பகாங்கிலோ ஜொகூரிலோ உள்ள சதுப்புக்காட்டுக்காக எழுதுபவர்கள் இதை முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

முகவரிப் பொறியில்தான் நம்மவர்கள் அதிகம் விழுகிறார்கள். 2020 அறிவிப்பு முதலில் கோல லங்காட்டைச் சேர்ந்தவர்களை மட்டுமே அழைத்தது. எதிர்ப்பு எழுந்த பிறகுதான் வாய்ப்பு விரிவடைந்தது. ஆகவே, பழைய தண்ணீர்க் கட்டண ரசீது, தோட்டத்தில் வேலை செய்த சான்று, பிள்ளைகளின் பள்ளிச் சான்றிதழ் என்று உங்களை அந்த இடத்தோடு சேர்க்கும் எதையும் இணையுங்கள். அந்த வட்டார முகவரி உள்ள உறவினர் ஒருவரையும் சேர்த்துக் கையொப்பமிடச் சொல்லுங்கள். நாள்கணக்கு அறிவிப்பு வெளியான தேதியிலிருந்து ஓடும், உங்கள் காதுக்கு எட்டிய நாளிலிருந்து அல்ல.

அடுத்தது வரைபடம். பச்சையாகத் தெரிவதெல்லாம் காப்புக்காடு அல்ல. அரசிதழில் பதியாத அரசு நிலத்துச் சதுப்பைக் கொடுத்துவிட இந்த விசாரணையே தேவையில்லை. எனவே அரசிதழ் எண்ணையும் வரைபட எண்ணையும் முதல் நாளே எழுத்தில் கேளுங்கள். ஒரே ஒரு வரைபடத்துக்காக நாங்கள் மூன்று அலுவலகங்கள் ஏறி இறங்கினோம், ஒவ்வொரு மேசையும் அடுத்த மேசையைக் காட்டியது, முப்பது நாளில் ஒன்பது நாள் அதிலேயே போய்விட்டது. வரைபடம் கைக்கு வரும்வரை கடிதத்தை நிறுத்தி வைக்காதீர்கள். மலாயில் எழுதுங்கள், இரண்டு பிரதி கொண்டு போங்கள், உங்கள் பிரதியில் தேதியோடு சாப்பு (அலுவலக முத்திரை) வாங்காமல் முகப்பை விட்டு நகராதீர்கள். மறுத்தால் அன்றைக்கே பதிவு அஞ்சலில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள்.

கடிதத்தில் காட்டின் அழகைப் பற்றி எழுதிப் பயனில்லை. காடு இன்னும் தேவைப்படுகிறது என்பதைத்தான் காட்ட வேண்டும். நீரில் ஊறி, மட்காமல் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகச் சேர்ந்த இலைதழைகளின் மேல் நிற்பது கரிச்சதுப்புக் காடு. ஓரத்தில் கால்வாய் வெட்டி நீரை வடித்தால் கரிமண் காய்ந்து தீப்பிடிக்கிறது, அந்தத் தீ மண்ணுக்கடியில் வாரக்கணக்கில் புகைகிறது, புகை கோலாலம்பூர் வரை வருகிறது. எரிந்த இடத்தில் முதலில் முளைப்பவை பெரணியும் மஹாங் மரமும்தான். அவற்றைக் காட்டி "இது கெட்டுப்போன காடு" என்று சொல்வார்கள். இந்த ஒரு சொல்லுக்குப் பலர் வாயடைத்துப் போகிறார்கள். வட சிலாங்கூரின் ராஜா மூசா காப்புக்காட்டில் கால்வாய்களை அடைத்து, நீர்மட்டத்தை உயர்த்தி, அதே மஹாங் கன்றுகளைத் தன்னார்வலர்கள் நட்டுத்தான் எரிந்த காட்டை மீட்டு வருகிறார்கள் என்று பதில் எழுதுங்கள்.

கண்ணால் கண்ட செடிகளைப் பெயரோடு குறிப்பிடுங்கள். முள் மட்டையும் புளிப்புக் காயும் கொண்ட கெலுபி, நம் வீட்டு வாசல்களில் அழகுக்கு நட்டிருக்கும் செந்தண்டுப் பினாங் ராஜா, மெரந்தி பக்காவ் மரம், முட்டி மடக்கியதுபோல் நீருக்கு மேல் எழும் மூச்சு வேர்கள் ஆகியவை அந்த மண் இன்னும் ஈரமாக இருப்பதற்குச் சாட்சி. ஆனால் படம் எடுப்பதற்காக அனுமதியின்றி உள்ளே போய்விடாதீர்கள். 10,000 ரிங்கிட் வரை அபராதமோ மூன்று ஆண்டு வரை சிறையோ இரண்டுமோ விதிக்க இதே சட்டத்தில் இடம் இருக்கிறது. காட்டோரச் சாலையிலிருந்து எடுத்த படம் போதும். காட்டை ஒட்டி வாழும் தெமுவான் பூர்வகுடியினரிடம் பேசினால், உள்ளே என்ன இருக்கிறது என்று எந்த அறிக்கையையும்விடத் தெளிவாகச் சொல்வார்கள்.

கடிதம் கொடுத்ததோடு வேலை முடிவதில்லை, ஏனெனில் விசாரணையில் எழும் கருத்து, முடிவெடுக்கும் மாநில ஆட்சிக்குழுவைக் கட்டுப்படுத்தாது. கோல லங்காட் காட்டுக்காக 45,000-க்கும் மேற்பட்ட ஆட்சேபங்கள் போயின. அப்படியிருந்தும் 2021 மே மாதத்தில் 536.7 ஹெக்டர் நீக்கப்பட்டது, அந்தச் செய்தி ஆகஸ்டு இறுதியில்தான் வெளியே தெரிந்தது, கொதிப்பு எழுந்த பிறகு செப்டம்பரில் முடிவு கைவிடப்பட்டது. எனவே மாதம் ஒரு முறை, சாப்பு வாங்கிய பிரதியின் நகலை இணைத்து, "முடிவு எடுக்கப்பட்டுவிட்டதா?" என்று எழுத்தில் கேளுங்கள். தெலுக் பங்ளிமா காராங்கில் இருக்கும் தங்கை மகனின் கையொப்பத்தோடு இரண்டாம் முறை போன அந்த அம்மாவின் கடிதம், கெடு முடிய இரண்டு நாள் இருக்கையில் ஏற்கப்பட்டது. அதற்குப் பிறகும் அவர் ஏழு முறை எழுதினார்.