கோழியை ஏசினால் யாருக்குக் குத்தும்?

சென்னையில் அம்மா திட்டுவார், மதுரைப் பக்கம் வைவார், திருநெல்வேலியில் ஏசுவார். (சர்ச் மணி ஓயாத பாளையங்கோட்டையில் ‘ஏசு’ என்றால் குழப்பம் வரத்தானே வேண்டும்? வராது. ஒன்று வினை, இன்னொன்று பெயர்.)

சரி, வசை எங்கே இருக்கிறது, சொல்லிலா? “ஏலே மூதி, சோறு ஆறிப்போச்சு, வாலே” என்று ஆச்சி கூப்பிட்டால் அது கொஞ்சல். அதே மூதியை பஸ்ஸில் முன்பின் தெரியாதவரிடம் சொன்னால் சட்டையைப் பிடிப்பார். மூதேவியிலிருந்து வந்த அதே சொல்தான். ஆட்கள் நிற்கும் இடம் மாறிவிட்டது.

சொல்பவர், சொல்லப்படுபவர், கேட்பவர் என்று மூன்று இடங்களை வைத்துப் பாருங்கள். ஏச்சு பெரும்பாலும் மேலிருந்து கீழே இறங்கும்; ஒரு தப்பைப் பிடித்துக்கொண்டு முகத்துக்கு நேராக வரும். “அப்பாவையே ஏசிட்டான்” என்பதில் அந்த ஏகாரம் சும்மா வரவில்லை. சாபத்துக்குக் கேட்பவரே வேண்டாம்; தெருவில் மண்ணை வாரித் தூற்றினால் போதும்.

புறணிக்கு ஆள் அங்கே இருக்கக் கூடாது, பேச்சு உண்மையாகவும் இருக்கலாம். அவதூறு என்றால் ஊர்ப்பேச்சில் பொய். சட்டம் இன்னும் கறார். குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆம் பிரிவில், சொன்னது உண்மை என்பது மட்டும் தப்பிக்கப் போதாது, பொதுநன்மைக்காகச் சொன்னதாகவும் இருக்க வேண்டும்.

எனக்குப் பிடித்தது சாடைதான். பக்கத்து வீட்டுக்காரி வாசலில் நிற்கும் நேரம் பார்த்து ஒருத்தி கோழியை விரட்டுகிறாள்: “இங்கன தின்னுட்டு அடுத்தவ வாசல்ல போய்க் கொத்துதியே, வெக்கமா இல்ல?” கேட்பது கோழி, குத்துவது அவளுக்கு. கோழிக்கு வெட்கம் கிடையாது என்பது எல்லாருக்கும் தெரியும். அதனால் கேட்பவர் மனம் அந்த வாக்கியத்துக்கு வேறு ஆளைத் தேடுகிறது. பொருளை முடித்துவைப்பவள் அவளே என்பதால் சண்டைக்கும் போக முடியாது. “என்னையா சொன்ன?” என்றால், “நான் கோழியச் சொன்னேன், ஒனக்கு ஏன் குத்துது?”

தொல்காப்பியம் செய்யுளியலில் இந்தப் பிரிவினை இருக்கிறது. அங்கதம், அதாவது பழித்துப் பாடுவது, இரண்டு வகை. வெளிப்படையாகச் சொன்னால் செம்பொருள், அதுதான் வசை. மறைத்துச் சொன்னால் பழிகரப்பு. தொல்காப்பியர் சொன்னது செய்யுளுக்கு. நம் ஊரில் அது வாசலுக்கு வந்துவிட்டது.

சாடைக்குப் பதிலும் சாடையாகத்தான் வர வேண்டும். பக்கத்து வீட்டுக்காரி இப்போது தன் ஆட்டைத் தேடிக்கொண்டிருப்பாள்.