கீழே இறங்கும் முன், மேலே ஏற மூச்சு இருக்கிறதா?

நிமோனியா, காசநோய், கடுமையான கொரோனா என்று நுரையீரலைத் தாக்கிய நோயில் வாரக்கணக்கில் படுத்து எழுந்தவர்களிடம் "மெல்ல நடக்க ஆரம்பியுங்கள்" என்று சொல்லி அனுப்புகிறோம். திண்டுக்கல்லில் அது போதும். கொடைக்கானலில் போதாது. பேருந்து நிலையப் பக்கமிருந்து ஏரிக்கு இறங்கும்போது ஒன்றும் தெரியாது. திரும்பி ஏறும்போதுதான் பாதி வழியில் நெஞ்சு அடைக்கும்.

கணக்கு இதுதான். மணிக்கு 3 கி.மீ. வேகத்தில் சமதளத்தில் நடக்க, உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் நிமிடத்துக்குச் சுமார் 8.5 மி.லி. ஆக்சிஜன் செலவாகும். 10 அடிக்கு 1 அடி உயரும் சாலையில் அதே வேகத்தில் போனால் 17.5 மி.லி. இரண்டு மடங்குக்கும் மேல். கடல் மட்டத்திலிருந்து 2,100 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தமும் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. படுக்கையில் கிடந்த நாட்களில் தொடைச் சதை கரைந்திருக்கும். வலுவிழந்த சதை சிறு வேலைக்கே சீக்கிரம் களைத்து மூச்சை இழுக்க வைக்கும். நுரையீரல் ஆறிய பிறகும் இரைப்பு நீடிக்க இது ஒரு முக்கியக் காரணம்.

அதனால் முதல் வேலை நடை அல்ல, நாற்காலி. கையை ஊன்றாமல் எழுந்து உட்கார வேண்டும். 5 முறை, நாளுக்கு 3 வேளை. எழும்போது மூச்சை வெளியே விட வேண்டும். பலர் எழும்போது மூச்சை அடக்கிக்கொள்கிறார்கள், அதுவே தலைச்சுற்றலைக் கொண்டுவரும். அத்துடன் வீட்டுக்குள்ளோ முற்றத்திலோ 5 நிமிட நடை, காலையும் மாலையும்.

நடக்கும்போது மூச்சிரைப்பு எவ்வளவு என்று 0 (இரைப்பே இல்லை) முதல் 10 (தாங்க முடியாதது) வரை மனத்துக்குள் மதிப்பிடுங்கள். 3, 4 சரியான அளவு. நடந்தபடியே ஒரு முழு வாக்கியம் பேச வர வேண்டும். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை 1 அல்லது 2 நிமிடம் கூட்டலாம். கூட்டிய மறுநாளோ அதற்கடுத்த நாளோ உடம்பு அடித்துப் போட்டதுபோல் இருந்தால், பழைய அளவுக்கும் கீழே இறங்குங்கள். வைராக்கியமாகத் தொடர்ந்தால் மாதங்கள் வீணாகும்.

ஏரியைச் சுற்றிய சாலை சுமார் 5 கி.மீ.; பெரும்பாலும் சமதளம். நம் ஊர் நோயாளிகளுக்குக் கிடைத்த வரம் அது. ஆனால் அங்கே போகவும் வரவும் முதல் மாதங்களில் வண்டி வேண்டும். ஆட்டோ செலவைப் பார்க்காதீர்கள். சமதளத்தில் நிற்காமல் 30 நிமிடம், வாரம் 5 நாள் வந்த பிறகே ஏற்றம். 2 நிமிடம் ஏறி, 1 நிமிடம் நிற்க வேண்டும். ஏறும்போது இரண்டு காலடிக்கு மூச்சை மூக்கால் இழுத்து, நான்கு காலடிக்கு உதட்டைக் குவித்து விட வேண்டும். நிற்கும்போது கைப்பிடிச் சுவரில் கைகளை ஊன்றிச் சற்று முன்னால் சாய்ந்தால் மூச்சு சீக்கிரம் அடங்கும். இறக்கத்தில் வேகம் கூடாது. மெலிந்த தொடை முழங்காலைத் தாங்காது.

டிசம்பர், ஜனவரியில் விடிகாலை நடை வேண்டாம். குளிர்ந்த வறண்ட காற்று மூச்சுக்குழாயைச் சுருக்கும். வெயில் ஏறி, 10 மணிக்கு மேல், மூக்கையும் வாயையும் மப்ளரால் மூடிக்கொண்டு போகலாம். மூடிய அறையில் கரியடுப்பு வைத்துக் குளிர் காய்வதை மட்டும் அடியோடு விடுங்கள். பகலெல்லாம் பழகிய நுரையீரலை இரவில் புகை கெடுக்கும்.

ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று விரலில் மாட்டிப் பார்க்கும் ஆக்சிமீட்டர் வைத்திருப்போர் கையைத் தேய்த்துச் சூடாக்கி, மருதாணியோ நகப்பூச்சோ இல்லாத விரலில் மாட்டி, ஒரு நிமிடம் கழித்துப் படியுங்கள். சில்லிட்ட விரல் தவறாகக் காட்டும். இந்த உயரத்தில் நல்ல உடம்புக்கே 94, 95 காட்டலாம், பதற வேண்டாம். நடந்ததும் 4 புள்ளி குறைந்தால் அன்று நிறுத்தி மருத்துவரிடம் சொல்லுங்கள். உட்கார்ந்திருக்கும்போதே 90க்குக் கீழ் போனாலோ, நெஞ்சுவலி, மயக்கம், சளியில் ரத்தம், ஒரு கால் மட்டும் வீங்கி வலிப்பது என எது வந்தாலோ, அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். நடந்து அல்ல, வண்டியில்.