காய்ச்சல் வரவில்லை, வெளியே போகலாமா?

"அவரைப் பார்த்து நாலு நாள் ஆகிவிட்டது, எனக்கு ஒன்றும் இல்லை. இனி வெளியே போகலாம்தானே டாக்டர்?" தொற்று நோயாளியோடு பழகியவர்கள் என்னிடம் அதிகம் கேட்பது இதைத்தான். பதில், அந்த நோயின் நோயரும்பு காலத்தில் இருக்கிறது. கிருமி நுழைந்ததிலிருந்து முதல் அறிகுறி தெரியும் வரையிலான இடைவெளி அது.

அறிகுறி தொடங்கிய நாளை நோயாளியே சொல்லிவிடுவார். தொற்றிய நாள்தான் பிடிபடாது. 1846-ல் ஃபாரோ தீவுகளில் தட்டம்மை பரவியபோது, பீட்டர் பானும் என்ற இளம் டேனிஷ் மருத்துவருக்கு அது பிடிபட்டது. ஒதுங்கிக் கிடந்த சிற்றூர்கள் என்பதால், யார் எப்போது வெளியூர் போனார் என்பது எல்லோருக்கும் நினைவிருந்தது. ஜூன் 4 அன்று திமிங்கல வேட்டைக்காக வேறு ஊருக்குப் போன பத்துப் பேருக்கும் ஜூன் 18 அன்று தடிப்பு கிளம்பியது. இப்படி ஊர் ஊராகக் கணக்கிட்டு, தடிப்பு தெரிய 13 அல்லது 14 நாள் ஆகும் என்றார். அந்தக் கணக்கு இன்றும் நிற்கிறது.

பெரும்பாலும் அத்தனை தெளிவு கிடைக்காது. திங்கள் முதல் வியாழன் வரை நோயாளியின் வீட்டில் தங்கியவருக்குச் சனிக்கிழமை காய்ச்சல் என்றால், இடைவெளி இரண்டு நாளாகவும் இருக்கலாம், ஐந்து நாளாகவும் இருக்கலாம். நடுவில் ஒரு நாளை ஊகித்து எழுதாமல், அந்த வரம்பை ஆய்வாளர்கள் அப்படியே வைத்துக்கொள்வார்கள். பலருடைய வரம்புகளைச் சேர்த்து, எத்தனை நாளில் எத்தனை பேருக்கு அறிகுறி வருகிறது என்று காட்டும், எல்லாவற்றுக்கும் பொருந்தும் வளைகோட்டைப் புள்ளியியல் முறையில் தேடுவார்கள். அந்தக் கோடு பெரும்பாலும் சீக்கிரம் உயர்ந்து, வலப்பக்கம் நீண்ட வாலோடு இறங்கும்; மிகத் தாமதமாக அறிகுறி காட்டும் சிலர்தான் அந்த வால்.

நோய் வேகமாகப் பரவும்போது இன்னொரு சிக்கல் உண்டு. சமீபத்தில் தொற்றியவர்களில் சீக்கிரம் படுத்தவர்கள் மட்டுமே அப்போது கணக்கில் இருப்பார்கள்; மெதுவாக அறிகுறி காட்டுபவர்கள் இன்னும் நம் கண்ணில் பட்டிருக்க மாட்டார்கள். இதைத் திருத்தாவிட்டால் காலம் குறைவாகத் தெரியும்.

தனிமைப்படுத்தலுக்குச் சராசரி உதவாது, வால்தான் முக்கியம். 2020-ல் 181 கோவிட் நோயாளிகளை வைத்துச் செய்த ஆய்வில் நடுமதிப்பு, அதாவது பாதிப் பேருக்கு அறிகுறி வந்துவிடும் காலம், ஏறக்குறைய 5 நாள். ஆனால் அறிகுறி வருபவர்களில் 97.5 சதவீதம் பேரை எட்ட 11.5 நாள் தேவைப்பட்டது. கோவிட் நோயாளியோடு பழகியவர்களை 14 நாள் தனித்திருக்கச் சொன்னது இப்படிப்பட்ட கணக்கால்தான். எபோலாவுக்கு அது 21 நாள். அதிலும் கோவிட் போன்ற நோய்கள் அறிகுறிக்கு முன்பே பரவும். ஆகவே நாலாம் நாள் காய்ச்சல் இல்லை என்பதை வைத்து நான் யாரையும் வெளியே விடமாட்டேன்.

சுகாதாரப் பணியாளர் விசாரிக்கும்போது தேதி நினைவில்லை என்றால், தயவுசெய்து தோன்றியதைச் சொல்லாதீர்கள். செல்போன் படங்களையும் பயணச்சீட்டையும் பாருங்கள். நோயாளியை முதலில் பார்த்தது எப்போது, கடைசியாகப் பார்த்தது எப்போது என்று சொன்னாலே எங்களுக்குப் போதும்.