ஷட்டரில் பொறித்த வருடம் லென்ஸ் பிறந்த வருடம் இல்லை

பழைய கேமரா லென்ஸ்களைப் பழுது பார்க்கும் என் மேசைக்கு இந்த மாதத்தில் இது மூன்றாவது. "1891-ல் செய்த லென்ஸ், மூலைகளில் மட்டும் படம் கலங்குகிறது, கொஞ்சம் பார்த்துக் கொடுங்கள்" என்று ஒருவர் கொண்டுவந்து வைத்தார். பித்தளை கண்ணைப் பறிக்கிற மாதிரி மின்னியது. அதைப் பார்த்ததுமே எனக்கு வயிற்றைப் பிசைந்தது. ஷட்டரைத் திருப்பினால் எதிர்பார்த்தபடியே 1891 ஜனவரி 6 என்ற பேட்டண்ட் தேதி. விற்றவர் அதைத்தான் பிறந்த நாளாகச் சொல்லி விற்றிருக்கிறார், வாங்கியவரும் நம்பியிருக்கிறார்.

அது காப்புரிமை தேதி. ஒரு பொறியமைப்புக்கு உரிமை பெற்ற நாள், அவ்வளவுதான். அந்த உரிமை நடப்பில் இருக்கும் வரை அந்த வகையில் வெளிவரும் ஒவ்வொரு ஷட்டரிலும் அதே தேதியைப் பொறிப்பார்கள். பாஷ் அண்ட் லாம்பின் யூனிகம் ஷட்டரில் இந்த 1891-ஐ நீங்கள் எத்தனையோ முறை பார்த்திருப்பீர்கள், அந்த ஷட்டர்கள் 1900-க்குப் பிறகும் செய்யப்பட்டவை. இரண்டு மூன்று பேட்டண்ட் தேதிகள் வரிசையாக இருந்தால் கடைசித் தேதியைப் பாருங்கள்: அதற்கு முன்பு அந்த ஷட்டரைச் செய்திருக்க முடியாது. அதற்கு எத்தனை வருடம் கழித்து என்று அந்தத் தேதி சொல்லாது. அப்புறம் இன்னொன்று. அது ஷட்டரின் காப்புரிமை. உள்ளே இருக்கும் கண்ணாடிக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. இதை நேரில் சொன்னால் தலையாட்டிவிட்டு, அடுத்த வாரம் அதே போல் இன்னொன்றை வாங்கிக்கொண்டு வருகிறார்கள்.

லார்ஜ் ஃபார்மட், அதாவது பெரிய பிலிம் கேமராவின் லென்ஸ் என்பது முன் செல், பின் செல் (செல் என்றால் கண்ணாடிகள் பொருத்திய வளையம்), நடுவில் ஷட்டர் அல்லது வெறும் குழல். திருகினால் தனித்தனியாகக் கழன்று வந்துவிடும். நூறு வருடத்தில் எத்தனை கைகள் கழற்றி மாட்டியிருக்கும் என்று யோசியுங்கள். 1920-ல் செய்த டாகோர் லென்ஸை 1950களின் சின்க்ரோ-கம்பூர் ஷட்டரில் மாட்டி வைத்திருப்பது சர்வ சாதாரணம், அதில் தப்பும் இல்லை. ஷட்டரைப் படிக்கவும் தெரிந்திருக்க வேண்டும்தான். கம்பூர் 1912-ல் வந்தது. மேலே குட்டி வட்டத்தைத் திருப்பி வேகம் வைக்கிற பழைய வகை போய், விளிம்பு வளையத்தைத் திருப்புகிற வகை 1920களின் கடைசியில் வந்தது. ஃபிளாஷ் இணைப்பு இருந்தால் அதற்கும் பிற்பட்டது, இல்லையென்றால் யாரோ பின்னால் சேர்த்தது. இதெல்லாம் ஷட்டரின் வயது மட்டுமே.

கண்ணாடியின் வயதுக்குக் கண்ணாடியைத்தான் கேட்க வேண்டும். என் மேசையில் முதல் வேலை பிரதிபலிப்பை எண்ணுவது. செல்லைக் கழற்றி ஒரு சிறிய விளக்குக்குக் கீழே லேசாகச் சாய்த்துப் பிடியுங்கள். காற்றைத் தொடும் ஒவ்வொரு பரப்பும் ஒரு பிரகாசமான புள்ளி தரும், இரண்டு கண்ணாடிகளை ஒட்டிய பரப்பு மங்கலான புள்ளி தரும். முன்னும் பின்னும் இரண்டு பிரகாசம் ஒரு மங்கல் என்றால் பெரும்பாலும் ரேபிட் ரெக்டிலினியர் குடும்பம், அதாவது 1866-ல் டால்மேயரும் ஸ்டைன்ஹைலும் கொண்டுவந்த வகை. ஒவ்வொரு செல்லிலும் இரண்டு பிரகாசம் இரண்டு மங்கல் என்றால் டாகோர் மாதிரியான அமைப்பு, 1892-க்கு முன் போகாது. முன்னால் நாலு பிரகாசம், பின்னால் இரண்டு பிரகாசம் ஒரு மங்கல் என்றால் டெஸ்ஸார் வகை, 1902-க்கு முன் இல்லை. முன்னால் இரண்டு பிரகாசமும் ஒரு மங்கலும், பின்னால் நாலு பிரகாசம் என்றால் 1840-ல் பெட்ஸ்வால் கணக்குப் போட்டு அமைத்த லென்ஸ் வகை.

நம்மவர் லென்ஸில் முன் செல் ரெக்டிலினியர். பின் செல்லில் நாலு பிரகாசப் புள்ளிகள், மங்கல் ஒன்றுகூட இல்லை. வேறு ஏதோ லென்ஸின் பாதி! மரை ஒத்துப்போனதால் யாரோ மாட்டிவிட்டார்கள். மூலை கலங்காமல் என்ன செய்யும்?

அந்த ஷட்டரில் 4, 8, 16, 32, 64, 128 என்ற எண்களைப் பார்த்து "எஃப் 4 லென்ஸ்" என்றும் நினைத்திருந்தார். அது துளையின் அளவைக் குறிக்கும் யு.எஸ். முறை, அதாவது யூனிஃபார்ம் சிஸ்டம், 1880களில் பிரிட்டனில் பிறந்தது. அதில் 4 என்றால் எஃப் 8. 16 மட்டும்தான் யு.எஸ்., எஃப் இரண்டிலும் ஒன்று. 64 என்றால் எஃப் 32. ஒவ்வொரு எண்ணும் முந்தையதைப் போல் இரு மடங்காக இருந்தால் சந்தேகப்படுங்கள், இல்லையென்றால் ஒளி அளவு இரண்டு ஸ்டாப், அதாவது நாலு மடங்கு, தவறிப் பிலிம்தான் வீணாகும்.

பெயரும் காலம் சொல்லும். கோயர்ஸ் கம்பெனியார் டாகோர் லென்ஸை முதலில் டோப்பெல்-அனாஸ்டிக்மாட் என்றுதான் விற்றார்கள், டாகோர் என்ற பெயர் 1904-ல் வந்தது. சைஸ் கம்பெனியின் அனாஸ்டிக்மாட் 1890-ல் வந்து 1900-ல் புரோட்டார் ஆனது. சீரியல் எண் பட்டியல்கள் உதவும், ஆனால் அந்தந்தக் கம்பெனிக்கு அந்தந்தப் பட்டியல். ஒன்றின் எண்ணை இன்னொன்றின் பட்டியலில் தேடிவிட்டு வந்து என்னிடம் வாதாடாதீர்கள். எண்களை முன்கூட்டியே கட்டுக்கட்டாக ஒதுக்கி வைத்ததும் உண்டு, அதனால் ஒன்றிரண்டு வருடம் முன்பின் விட்டே சொல்வேன். கோடாக் மட்டும் வேலையை எளிதாக்கி வைத்தது. 1940 வாக்கிலிருந்து அவர்களுடைய எக்டார் லென்ஸ்களில் எண்ணுக்கு முன் இரண்டு எழுத்து இருக்கும். 'கேமரோசிட்டி' என்ற சொல்லின் ஆங்கில எழுத்துகளை வரிசையாக 1 முதல் 9, கடைசிக்கு 0 என்று வையுங்கள்: சி 1, ஏ 2, எம் 3, ஈ 4, ஆர் 5, ஓ 6, எஸ் 7, ஐ 8, டி 9, ஒய் 0. ஈ-ஓ என்றிருந்தால் 1946, ஆர்-எம் என்றால் 1953.

கோட்டிங்கை, அதாவது பிரதிபலிப்பைக் குறைக்கக் கண்ணாடியில் பூசும் படலத்தைப் பார்த்துக் காலம் சொல்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய லென்ஸ்கள் பெரும்பாலும் கோட்டிங் உள்ளவை, உண்மைதான். ஆனால் பழைய கண்ணாடிக்குப் பின்னால் கோட்டிங் போட்டுக் கொடுத்ததும் உண்டு. வயதான கண்ணாடியில் தானாகவே நீலப் படலம் படிவதும் உண்டு. அதை அழுக்கு என்று தேய்க்காதீர்கள், தயவுசெய்து. குக் டிரிப்லெட் என்ற லென்ஸை வடிவமைத்த டென்னிஸ் டெய்லர், இப்படி நிறம் மாறிய கண்ணாடி ஒளியை அதிகமாகவே விடுகிறது என்று 1890களிலேயே கவனித்தார், அதைச் செயற்கையாக உண்டாக்க 1904-ல் காப்புரிமையும் பெற்றார். இன்று நாம் கோட்டிங் என்று சொல்வதன் தொடக்கமே அந்தப் 'அழுக்கு'தான்.

பெட்ஸ்வால் என்று சொல்லி வருபவற்றில் பாதி, மாய விளக்கு என்ற பழைய படம் காட்டும் கருவியின் புரொஜெக்டர் லென்ஸ்கள். குழலில் ஸ்டாப், அதாவது துளையிட்ட தகடு, செருகும் பிளவு இருக்கிறதா என்று பாருங்கள். வாட்டர்ஹவுஸ் ஸ்டாப் 1858-ல் வந்தது. பிளவும் இல்லை, துளையைச் சுருக்கும் அபெர்ச்சரும் இல்லை என்றால் ஒன்று அதற்கும் முந்தையது, இல்லையென்றால் புரொஜெக்டருக்குச் செய்தது. இரண்டாவதுதான் அடிக்கடி வருகிறது. பிளவு இருந்தாலும் பழைய குழலில் பின்னால் வெட்டியதாக இருக்கலாம், வெட்டின் விளிம்பைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள்.

பித்தளைக்குப் பாலிஷ் போடாதீர்கள். அந்த மங்கல் பழுப்பு பழைய அரக்குப் பூச்சு, அது போனால் திரும்ப வராது, கூடவே பொறித்த எழுத்தும் தேய்ந்துபோகும். நம்மவர் லென்ஸில் செய்தவர் பெயரில் பாதிதான் மிஞ்சியிருந்தது, எண் சுத்தமாக இல்லை. கம்பவுண்ட் ஷட்டரின் காற்றுச் சிலிண்டரில் எண்ணெய் விடாதீர்கள். இறுகிய வளையத்தைக் குறடால் திருப்பாதீர்கள். ஒட்டிய கண்ணாடிகளை ஸ்பிரிட்டில் ஊறப்போடாதீர்கள், உள்ளே ஒட்டும் பசையான பால்சம் இருக்கிறது. செல்லைக் கழற்றும்போது இடையில் மெல்லிய உலோக வளையம் விழுந்தால் அது எந்தப் பக்கத்தது என்று அப்போதே எழுதி வையுங்கள், தூரம் மாறினால் லென்ஸே மாறிவிடும்.

அவரிடம் உண்மையைச் சொன்னேன். முன் செல்லைத் தனியாக மாட்டி, படம் விழும் மங்கல் கண்ணாடியான கிரவுண்ட் கிளாஸில் காட்டினேன். குவியத் தூரம் கிட்டத்தட்ட இரட்டிப்பானது, கேமராவின் மடிப்புத் துருத்தியான பெல்லோஸை நன்றாக நீட்ட வேண்டியிருந்தது, துளையைச் சுருக்கியதும் ஒரு மென்மையான, அழகான படம் தெரிந்தது. வெகுநேரம் கருப்புத் துணிக்குள்ளேயே நின்றார். இப்போது சரியான பின் செல்லைத் தேடிக்கொண்டிருக்கிறார், இந்த முறை வாங்குவதற்கு முன்பே விற்பவரிடம் நாலு படம் கேட்கிறார்: முன் வளையம், பின் வளையம், ஷட்டர் முகப்பு, விளக்கின் கீழே பிரதிபலிப்புகள். நீங்களும் எனக்கு அதே நாலு படத்தை அனுப்புங்கள், எதையும் துடைக்காமல்.