பாய்காட்: புறக்கணிப்பா, ஊர்விலக்கா?

ஒருவரோடோ ஒரு நிறுவனத்தோடோ வைத்திருந்த பேச்சு, வேலை, கொடுக்கல் வாங்கல் அத்தனையையும் பலர் பேசிவைத்துக்கொண்டு நிறுத்துவது பாய்காட். கூட்டாகச் செய்ய வேண்டும், காரணம் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். சாமான் சரியில்லை என்று நாலு பேர் தனித்தனியே வேறு கடைக்குப் போனால், அந்தக் கடைக்கு வியாபாரம் போயிற்று, அவ்வளவுதான்.

சொல் ஓர் ஆளின் பெயரிலிருந்து வந்தது. அயர்லாந்தின் மேயோ பகுதியில், மாஸ்க் ஏரிக்கரையில், எர்ன் பிரபுவின் நிலங்களுக்குக் குத்தகை வசூலித்த ஏஜெண்ட் சார்லஸ் கன்னிங்ஹாம் பாய்காட். சில ஆண்டுகளாக விளைச்சல் கெட்டுக் கிடந்ததால் 1880இல் குடியானவர்கள் குத்தகையில் 25 சதவீதம் குறைக்கக் கேட்டார்கள்; பிரபு 10 சதவீதத்துக்கு மேல் இறங்கவில்லை. பாய்காட் வெளியேற்ற நோட்டீஸ் வாங்கிவந்தார். செப்டம்பர் 22 அன்று அதைக் கொடுக்கப் போன ஆளை ஊர்ப் பெண்கள் சேறும் சாணமும் வீசி விரட்டினார்கள்.

இதற்கு மூன்று நாள் முன்புதான், செப்டம்பர் 19 அன்று, என்னிஸ் ஊரில் தேசியத் தலைவர் பார்னெல் பேசியிருந்தார். அண்டை வீட்டான் வெளியேற்றப்பட்ட நிலத்தை ஏலம் கேட்டு எடுப்பவனை என்ன செய்வது என்று கேட்டார். சுட்டுத் தள்ளு என்று கூட்டத்தில் குரல் வந்தது. அதைவிட நல்ல வழி இருக்கிறது என்றவர், சாலையில், கடையில், சந்தையில், கோயிலில்கூட அவனைத் தனியே விட்டுவிடச் சொன்னார். கவனிக்க வேண்டியது ஒன்று: பார்னெல் குறிவைத்தது நிலப்பிரபுவை அல்ல, கட்டுப்பாட்டை மீறும் சக குடியானவனை. ஆயுதம் முதலில் சொந்த ஆட்களுக்காகத்தான் தீட்டப்பட்டது. ஏஜெண்ட் மீது திரும்பியது பிறகு.

பாய்காட்டின் வயலில் வேலையாட்கள் நின்றுவிட்டார்கள். கடைக்காரர்கள் சாமான் தர மறுத்தார்கள். கொல்லருக்கும் துணி வெளுப்பவருக்கும் மிரட்டல் வந்தது. அவருடைய தபால் பையைச் சுமந்த 12 வயதுப் பையனையே அடித்து நிறுத்தினார்கள். அக்டோபரில் லண்டன் டைம்ஸில் வெளியான கடிதத்தில் அவரே இதையெல்லாம் எழுதினார். ஆக, முழுக்க அறவழியில் நடந்தது என்று எழுதுவது சரியல்ல. நவம்பரில் கேவன், மோனகன் பகுதிகளிலிருந்து 50 பேர் அறுவடைக்கு வந்தார்கள். அவர்களுக்குக் காவல் ஏறத்தாழ ஆயிரம் சிப்பாய்களும் போலீசும். சுமார் 500 பவுண்டு விளைச்சலை எடுக்க 10,000 பவுண்டு போனதாகக் கணக்குச் சொல்வார்கள். நவம்பர் கடைசியில் பாய்காட் ஊரைவிட்டுக் கிளம்பினார்.

இந்தச் செயலுக்கு அதற்கு முன் இருந்த ஆங்கிலச் சொல் ‘ஆஸ்ட்ரசைஸ்’, ஏதென்ஸ்காரர்கள் பானை ஓட்டில் பெயரைக் கீறி ஒருவரைப் பத்தாண்டு நாடுகடத்திய வழக்கத்திலிருந்து வந்தது. குடியானவர் வாயில் அது நுழையாது, அந்த ஆளின் பெயரையே வினைச்சொல்லாக்கிவிடலாம் என்று யோசனை சொன்னவர் உள்ளூர்ப் பாதிரியார் ஓமேலி. அமெரிக்கப் பத்திரிகையாளர் ரெட்பாத் இதைப் பதிவு செய்திருக்கிறார்.

பாய்காட் என்ற செயலைச் சமூகவியல் மூன்று அடுக்காகப் பிரிக்கும். ‘உழுதவன் வயிறு காயக்கூடாது’ என்பது விழுமியம். ‘வெளியேற்றப்பட்டவன் நிலத்தை இன்னொருவன் எடுக்கக்கூடாது’ என்பது அதிலிருந்து பிறந்த நெறி. மீறினால் பேச்சும் பழக்கமும் கிடையாது என்பது ஒறுப்பு, அதாவது தண்டனை. இந்த மூன்று மட்டும் போதாது. ஒதுக்கப்பட்டவனோடு ரகசியமாகப் பழகினால் லாபம் உண்டு என்பதால், பழகுபவனுக்கும் ஒரு தண்டனை வைக்க வேண்டியிருக்கும். 1888இல் கடல் தாண்டக்கூடாது என்ற தடையை மீறி லண்டன் கிளம்பிய காந்தியை, பம்பாயில் மோத் வணிகர் சாதிக் கூட்டம் விலக்கிவைத்தது. அவருக்கு உதவுபவருக்கும், வழியனுப்பத் துறைமுகம் போகிறவருக்கும் ஒரு ரூபாய் நாலணா அபராதம். பயணப் பணத்தைக் கையில் வைத்திருந்த மைத்துனர், சாதியை இழக்க முடியாது என்று தர மறுத்துவிட்டார். உள்ளபடி வேலை செய்தது உதவுபவருக்கு வைத்த அந்தத் தண்டனைதான். அது இல்லாத பாய்காட் சில வாரங்களில் சத்தமின்றிக் கரைந்துபோகும்.

இனி தமிழ்ச் சொல். 1905இல் வங்கத்தில் எழுந்த சுதேசி இயக்கத்தோடு இங்கே புழக்கத்துக்கு வந்தது ‘பகிஷ்காரம்’. வெளியே ஆக்குதல் என்பது இந்த வடசொல்லின் பொருள். 1908இல் தூத்துக்குடி கோரல் மில் வேலைநிறுத்தத்தின்போது, கம்பெனிக்குப் பரிந்தவர்களுக்கு நாவிதர்கள் சவரம் செய்ய மறுத்தது இதற்கு நல்ல உதாரணம். தமிழ்நாட்டில் இந்தச் சொல் உதிர்ந்துவிட்டது. இலங்கையில் ‘பகிஷ்கரிப்பு’ உயிரோடிருக்கிறது. 1931இல் யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் நடத்திய அரசாங்க சபைத் தேர்தல் பகிஷ்கரிப்பால் வடக்கின் நான்கு ஆசனங்கள் காலியாகக் கிடந்தன. வேலைநிறுத்தத்தை அங்கே இன்றும் ‘பணிப்பகிஷ்கரிப்பு’ என்றே செய்தித்தாள்கள் எழுதுகின்றன.

தமிழ்நாட்டில் நிலைத்தது ‘புறக்கணிப்பு’: புறத்தே வைத்து எண்ணுதல். நல்ல சொல்தான், ஆனால் அதன் தலையில் இரண்டு சுமை. ‘அதிகாரிகள் எங்கள் ஊரைப் புறக்கணிக்கிறார்கள்’ என்றால் கண்டுகொள்ளவில்லை என்று பொருள்; ‘நாங்கள் தேர்தலைப் புறக்கணிக்கிறோம்’ என்றால் தீர்மானித்து விலகுகிறோம் என்று பொருள். இரண்டும் ஒரே சுவரொட்டியில் வருவதுண்டு. (தேர்தல் புறக்கணிப்பு ஒறுப்பாகப் பெரும்பாலும் பலிப்பதில்லை. இத்தனை சதவீதம் பதிவாக வேண்டும் என்று நம் சட்டத்தில் இல்லை. மிச்சமுள்ளோர் வாக்கை வைத்து முடிவு வந்துவிடும். வாக்குப்பதிவுக்கு முன்பு தாசில்தார் பேச வருவதுதான் உண்மையான பலன்.)

பெரிய சிக்கல் வேறு இடத்தில். ஊர் ஒரு குடும்பத்தை ஒதுக்குவதற்கும் ‘சமூகப் புறக்கணிப்பு’ என்றே எழுதுகிறோம். கிராமத்தில் அது நடக்கும் விதம் வேறு. திருவிழாவுக்கான தலைக்கட்டு வரியை அந்தக் குடும்பத்திடம் வாங்க மாட்டார்கள். வரி வாங்காவிட்டால் ஊர்க் கணக்கில் அந்தக் குடும்பம் இல்லை. நல்லது கெட்டதுக்கு யாரும் போகக்கூடாது, கடையில் சாமான் கிடையாது, போனவருக்குத் தெண்டம். மீனவ ஊர் என்றால் கடலுக்குப் போகவும் தடை. வாய்மொழி உத்தரவு என்பதால் எழுத்தில் எதுவும் இருக்காது. புகார் கொடுப்பவர் திணறுவது இங்கேதான்.

இதற்கு ‘ஊர்விலக்கு’ அல்லது ‘ஊரைவிட்டு ஒதுக்கிவைத்தல்’ என்பதே சரி. தானாக விலகுவது புறக்கணிப்பு. பிறரை விலக்குவது விலக்கு. குத்தகைக்காரர்கள் ஏஜெண்டைத் தவிர்த்ததும், ஓர் ஊர் பட்டியல் சாதிக் குடும்பத்துக்குக் கடையை அடைப்பதும் ஒரே சொல்லில் அடங்கினால், பின்னது ஏதோ போராட்டம் போலத் தோன்றிவிடும். சட்டம் அப்படிப் பார்க்கவில்லை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015இல் வந்து, 2016 ஜனவரி 26 முதல் அமலில் உள்ள திருத்தத்தின்படி, பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மீது பிறர் சமூக, பொருளாதார விலக்கு விதிப்பதும் விதிப்பேன் என்று மிரட்டுவதும் குற்றம். ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறை.

‘விலக்கு’ என்று தனியே எழுதினால் வரிவிலக்கு, மதுவிலக்கு எல்லாம் நினைவுக்கு வரும். ஆகவே ‘ஊர்’ என்ற முன்னொட்டை விடக்கூடாது. பொருள், நீதிமன்றம், கூட்டம், பணி ஆகியவற்றுக்குப் ‘புறக்கணிப்பு’ போதும். சபைக்குள் வந்து எழுந்து போனால் அது வெளிநடப்பு. உள்ளேயே வராவிட்டால்தான் புறக்கணிப்பு.