‘அடைப்பு இல்லை’ என்று சொன்ன பிறகும் ஏன் இருதய எம்.ஆர்.ஐ.?

நெஞ்சு வலியோடு வந்த அம்மாவுக்கு, இருதய இரத்தக் குழாய்களைப் படம் எடுத்துப் பார்க்கும் அஞ்சியோகிராம் செய்து, “இரத்தக் குழாயில் அடைப்பு ஒன்றும் இல்லை” என்று டொக்டர் சொன்னதும் வீட்டாருக்குப் போன உயிர் திரும்பி வரும். அதே கையோடு இருதய எம்.ஆர்.ஐ. எடுக்கவும் துண்டு எழுதிக் கொடுத்தால் குழம்பிப் போவார்கள். “அடைப்பு இல்லேன்னுட்டாங்களே மிஸ், அப்புறம் எதுக்கு இவ்வளவு தூரம் அனுப்புறாங்க?” எம்.ஆர்.ஐ. அறையில் படம் எடுப்பது என் வேலை. ஹட்டன், தலவாக்கலை, பதுளைப் பக்கமிருந்து வருகிறவர்கள் இதைக் கேட்காமல் போவது குறைவு. கேள்வி நியாயமானதுதான். கூட வரும் மகளுக்கு ஒரு நாள் பேர், அதாவது தோட்டத்துக் கூலி, போகிறது, பஸ் செலவு வேறு.

இப்படி அனுப்பப்படுகிறவர்களில் சிலருக்கு இருப்பது டகோட்சுபோ என்ற இருதயத் தசைப் பாதிப்பு. 1990இல் ஜப்பானிய மருத்துவர்கள் முதலில் விவரித்தார்கள். பெரிய அதிர்ச்சி ஒன்றில் அட்ரினலின் போன்ற சுரப்புகள் ஒரேயடியாகப் பெருகி, இருதயத்தின் தசை திகைத்துப் போய்விடுவதாகக் கருதப்படுகிறது. இடது கீழறையின் மேற்பகுதி துடிக்கும், நுனிப்பகுதி துடிக்காமல் உப்பி நிற்கும். அந்த உருவம் அங்கே ஆக்டோபஸ் பிடிக்கும் பானையைப் போலிருந்ததால் அந்தப் பெயர். நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், ஈ.சி.ஜி. மாற்றம், இருதயத் தசை பாதிக்கப்பட்டால் இரத்தத்தில் கூடும் ட்ரோபோனின் என்ற புரதத்தின் உயர்வு எல்லாம் மாரடைப்பைப் போலவே இருக்கும். நோயாளிகளில் பத்துக்கு ஒன்பது பேர் பெண்கள், அதிலும் பெரும்பாலும் மாதவிடாய் நின்ற வயதினர்.

எழவு வீட்டில், சண்டையில், மண்சரிவுப் பயத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்காரும் பெண்ணை நம் தோட்டத்து லயங்களில் “பயந்த கோளாறு” என்று சொல்லித் திருநீறு போடுவார்கள். அந்தக் கணிப்பை நான் கேலி செய்ய மாட்டேன். பயத்துக்கும் நெஞ்சுக்கும் தொடர்பிருப்பதை நம் ஆட்கள் சரியாகவே பார்த்திருக்கிறார்கள். 2004இல் ஜப்பானின் நீகாட்டா பகுதியில் நிலநடுக்கம் வந்த பிறகு இந்த நோயாளிகள் கூடியது பதிவாகியிருக்கிறது. 2014 ஒக்டோபரில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணில் புதைந்ததைப் பார்த்த சனங்களுக்கு, அடைமழை இரவு என்றால் என்ன என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. ஆனால் திருநீறு போட்டுவிட்டுக் காலை வரை பார்ப்போம் என்று இருப்பதுதான் ஆபத்து. இந்த நோயிலும் ஆஸ்பத்திரியிலேயே உயிர் போவதுண்டு. வந்த வலி உண்மையான மாரடைப்பாகவும் இருக்கலாம். வீட்டில் இருந்துகொண்டு பிரித்தறிய வழியே இல்லை. 1990க்கு அழையுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம்.

எல்லோருக்கும் துக்கம்தான் காரணம் என்றும் நினைக்க வேண்டாம். கடுமையான ஆஸ்துமா, சத்திரசிகிச்சை, கிருமித் தொற்று போன்ற உடல் சார்ந்த காரணங்களும் ஏராளம். காரணமே பிடிபடாதவர்களும் உண்டு. மிகக் குறைவாக, சந்தோஷச் செய்தி கேட்டும் வந்திருக்கிறது!

சரி, எம்.ஆர்.ஐ. எதற்கு? மலையகத்துக்காரர்களுக்கு இதில் தனியாக ஒரு சிக்கல் இருக்கிறது. அஞ்சியோகிராம் வசதி எல்லா ஆஸ்பத்திரியிலும் கிடையாது. ஈ.சி.ஜி.யில் பெரிய மாரடைப்பு மாதிரித் தெரிந்தால், பக்கத்து ஆஸ்பத்திரியிலேயே இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியைப் போட்டுவிடுவார்கள். அது சரியான முடிவு; அந்த நேரத்தில் காத்திருக்க முடியாது. பிறகு கண்டிக்கோ கொழும்புக்கோ போய் அஞ்சியோகிராம் செய்யும்போது குழாய் சுத்தமாக இருக்கிறது. இப்போது இரண்டு கதை சாத்தியம். உண்மையிலேயே கட்டி இருந்து ஊசியில் கரைந்திருக்கலாம். கட்டியே இல்லாமல், தசை மட்டும் திகைத்திருக்கலாம். குழாயை மட்டும் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். முதலாவது என்றால் அஸ்பிரினும் கொழுப்பு மாத்திரையும் நீண்ட காலத்துக்குத் தேவைப்படும். இரண்டாவது என்றால் சிகிச்சையின் போக்கே வேறு. எக்கோ என்ற இருதய ஸ்கானில் துடிப்புக் குறைவு தெரியும், ஆனால் அந்தத் தசை செத்ததா, உயிரோடு வீங்கியிருக்கிறதா என்று எக்கோ உறுதியாகச் சொல்லாது.

எம்.ஆர்.ஐ. அதைச் சொல்லும். முதலில் இருதயம் துடிப்பதை ஓடும் படமாக எடுக்கிறோம். எந்தப் பகுதி அசையவில்லை, வலது கீழறையும் சேர்ந்து பாதிக்கப்பட்டிருக்கிறதா என்று தெரியும். சுமார் மூன்றில் ஒரு நோயாளிக்கு வலப்பக்கமும் பாதிக்கப்படுகிறது. அடுத்து, தசையில் நீர் கோத்த வீக்கத்தைக் காட்டும் படங்கள். கடைசியாகக் கடோலினியம் என்ற மருந்தை நாளத்தில் ஏற்றி, பத்து நிமிடம் போல விட்டு மறுபடி எடுப்போம். செத்த தசையில் அந்த மருந்து தங்கி வெள்ளையாகத் தெரியும். மாரடைப்பென்றால் வெள்ளை உட்பக்கத்திலிருந்து தொடங்கும், ஒரு குழாய் ஊட்டும் எல்லைக்குள் நிற்கும். இருதயத் தசை அழற்சி என்றால் வெளிப்பக்கத்திலோ நடுவிலோ திட்டுத் திட்டாக இருக்கும். டகோட்சுபோவில் பெரும்பாலும் வீக்கம் இருக்கும், வெள்ளை இருக்காது. உப்பிய நுனியில் இரத்தம் தேங்கிக் கட்டியிருந்தால் அதுவும் அகப்படும். அந்தக் கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம் என்பதால், இந்த ஒரு தகவலுக்காகவே பயணம் தகும் என்பேன்.

துண்டைக் கிளினிக் கொப்பிக்குள் வைத்துவிட்டுத் தீபாவளி முடியட்டும் என்று இருக்காதீர்கள். திகைத்த தசை சில நாளிலோ சில வாரத்திலோ தேறத் தொடங்கிவிடும், வீக்கமும் மெல்ல வடியும். அது நல்லதுதான். ஆனால் தாமதித்து வந்தால் நாங்கள் தேடும் அடையாளமே மறைந்திருக்கும். திகதி பிந்திப் போகிறதென்றால் டொக்டரிடம் சொல்லி முந்தப் பாருங்கள்.

வரும்போது என்ன செய்ய வேண்டும் என்பதை யாரும் விளக்கிச் சொல்வதில்லை, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். தாலிக்கொடியைக் கழற்றச் சொன்னால் பல அம்மாமார் கண்கலங்குவார்கள். தங்கத்தைக் காந்தம் இழுக்காது. ஆனால் கொடியில் கோத்து வைத்திருக்கும் ஊக்கு இரும்பு! கழற்றி மகளிடம் கொடுத்து வைக்கலாம், முடிந்ததும் உடனே போட்டுக்கொள்ளலாம். இடுப்பில் கட்டிய தாயத்தைச் சொல்ல மறந்துவிடுவார்கள், அதற்குள் உலோகத் தகடு இருக்கும். பேஸ்மேக்கர் வைத்தவர்கள் அதன் அட்டையைக் கொண்டுவர வேண்டும். பட்டறையில் இரும்பு அரைத்து, வெல்டிங் செய்து கண்ணில் துகள் பட்டவர்கள் கட்டாயம் சொல்ல வேண்டும். சிறுநீரகக் கோளாறு இருந்தால் இரத்தப் பரிசோதனைத் துண்டுகளையும் எடுத்து வாருங்கள். கடோலினியம் ஏற்றலாமா என்று பார்ப்பதற்கு அவை வேண்டும்.

அப்புறம் மூச்சு. ஒரு மணித்தியாலம் வரை ஆகும் இந்தப் பரிசோதனையில் திரும்பத் திரும்ப மூச்சை விட்டு, சில விநாடிகள் அடக்கச் சொல்வோம். அடக்காவிட்டால் படம் கலங்கிப் போகும். கட்டளை சிங்களத்தில் வந்து, புரியாமல் மூச்சை விட்டுக்கொண்டே படுத்திருந்தவர்களின் படங்களைப் பார்த்திருக்கிறேன். உள்ளே போவதற்கு முன்பே “தமிழில் சொல்லுங்கள்” என்று கேளுங்கள், அது உங்கள் உரிமை. முதல் நாளே வீட்டில் இரண்டு மூன்று தடவை பழகியும் பார்க்கலாம். அறை குளிரும், இயந்திரம் தடதடவென்று சத்தம் போடும், ஆனால் வலிக்காது. எக்ஸ்ரே கதிரும் இல்லை. கையில் ஒரு ரப்பர் பந்து தருவோம், முடியாவிட்டால் அழுத்தினால் நிறுத்திவிடுவோம்.

முடிவு டகோட்சுபோ என்று வந்தால் பெரும்பாலானோருக்குத் தசை சில வாரங்களில் பழைய நிலைக்கு வந்துவிடுகிறது. அது வந்துவிட்டதா என்று மறுபடி எக்கோவில் பார்த்து டொக்டர் சொல்லும் வரை, கொழுந்துக் கூடையோடும் விறகுக் கட்டோடும் மலை ஏற வேண்டாம். வலி போய்விட்டதே என்று மாத்திரைகளை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். சிலருக்கு வருடங்கள் கழித்துத் திரும்பவும் வருவதால், எம்.ஆர்.ஐ. அறிக்கையையும் டயக்னோசிஸ் கார்டையும் ஒரே உறையில் போட்டு, அடுத்த தடவை அம்புலன்ஸில் ஏறும்போது கையோடு எடுத்துப் போகும்படி வையுங்கள்.